இட்லி காரிலேயே இருந்தது

எங்கள் சர்க்கரைக்காரன் இருக்கிறானே, அவனோடு எங்கே கிளம்பினாலும் முதலில் அவன் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து நண்பன், வருஷக்கணக்காக இன்சுலின். பழவேற்காட்டில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று இன்னொரு நண்பன், கேமராக்காரன், போன் போட்டதும் மூன்று பேரும் விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். டச்சுக் கல்லறைச் சுவரோரம் காரை நிறுத்தினதுமே சர்க்கரைக்காரன் ஊசியைக் குத்திக்கொண்டான். "போட்ல ஏறி இட்லி துன்னுக்கறேன்"னான். கேமராப் பை ஏறியது, பைனாகுலர் ஏறியது. இட்லிப் பொட்டலம் மட்டும் காரிலேயே கிடந்தது.

அது ஏரிக்குள் போன பிறகுதான் தெரிந்தது. அப்போதாவது திரும்பலாம் என்றானா? "ஒரு வேளை இட்லிக்காக இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்பறதா? பாத்துட்டே போலாம்டா." போட்டுக்கார அண்ணனிடம் இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று கெஞ்சினான். பூநாரை நிற்கிற இடத்தில் தண்ணீர் அதன் காலளவுக்குத்தான் இருக்கும். "தண்ணி கம்மி சார், மாட்டிக்கும்" என்று அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, மாட்டிக்கொண்டது.

அண்ணனும் நானும் இறங்கினோம். சேறு தொடைவரை இழுத்தது. தள்ளினோம், ஆட்டினோம், போட்டு அசைந்தால்தானே! நிமிர்ந்து பார்த்தால் சர்க்கரைக்காரன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. வெயில்கூட ஏறவில்லை. கை வெடவெடவென்று ஆடுகிறது. "அம்மாவக் கூப்புடுடா" என்று உளறினான். அவன் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். கேமராக்காரன் பைகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினான். ஒரு மிட்டாய்? ஒரு பிஸ்கட்? லென்ஸ் துடைக்கிற துணிதான் விழுந்தது. போனில் டவரும் இல்லை. ஐயோ, இவன் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்!

பூநாரைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் சில பெண்கள் தண்ணீரில் குந்தியபடி கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறவை கலைந்துவிடும் என்று எங்களை இருமக்கூட விடாதவன் கேமராக்காரன். அவன்தான் முதலில் கத்தினான். "யம்மா! இனிப்பா எதுனா இருந்தா எடுத்தாங்கம்மா! சர்க்கரை எறங்கிப்போச்சு, ஆளு சாவறான்!" அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் எழும்பிவிட்டது. தலைக்கு மேலே கறுப்பும் சிவப்புமாக இறக்கை. எங்களில் ஒருத்தரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தோம்.

ஒரு அக்கா பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து வந்தாள். அவள் குடிக்கக் கொண்டுவந்த டீ. நான் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தேன். "மெதுவா குடுய்யா, பொரை ஏறிடப் போவுது" என்றாள். முதல் வாய் மோவாயில் ஒழுகியது. அடுத்ததை முழுங்கினான். முழுங்குகிறான், அப்பாடா, முழுங்குகிறான்!

கண் நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைப் பார்த்தான். வெறிச்சென்று கிடந்த ஏரியைப் பார்த்தான்.

"எங்கடா பூநாரை? கத்தி ஓட்டிட்டீங்களா, பாவிங்களா?"

சேற்றுக் கையோடு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.