லிஃப்ட்டுக்குள் பத்து லட்சத்து மூன்று

மனுஷன் பார்த்த வேலை, லிஃப்ட்டை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம், திரும்பினால் முழங்கை இடிக்கும் பெட்டி, உட்கார ஒரு முக்காலி. குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதற்கு இவருக்கு மாதச் சம்பளமே கொடுத்தார்கள்.

பொத்தான்களுக்கு மேலே பித்தளைத் தகட்டில் லிஃப்ட்டின் எண்: 1000003. கல்யாணமான புதிதில், "இதை மிச்சமில்லாம வகுக்குற எண்ணைக் கண்டுபிடிச்ச அன்னிக்கே இந்த வேலைக்கு ஒரு கும்பிடு" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். பாவி மகள், அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம்.

ஏழால் வகுத்தால் நாலு மிச்சம். பதினொன்றால் வகுத்தாலும் நாலு, பதிமூன்றுக்கும் அதே நாலு. மாடிக்கு மாடி மனக்கணக்குதான். வெளியூரில் தையல் கடை வைத்திருந்த அவள் அண்ணன், "மாப்பிள்ளை கடையைப் பார்த்துக்கட்டும், நீ ஒரு மெஷின்ல உட்காரு" என்று கூப்பிடும்போதெல்லாம் இவரிடம் ஒரே பதில்: "இன்னும் கிடைக்கலையே!" குடியிருந்ததோ எதிர்ச்சுவரைப் பார்த்த ஜன்னலோடு ஒற்றை அறை, அவளுக்கு அங்கே மூச்சு முட்டியது. மகள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டாள்.

அன்று காலை அண்ணன் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் கடை வேறு ஆளுக்கு. அவள் மகளிடம் அழுதே விட்டாள்.

"எதுவரைக்கும் வகுத்துட்டாராம்?"

"இருபதாயிரத்தைத் தாண்டிட்டாராம்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இருவரும் நேரே போய் லிஃப்ட்டில் ஏறினார்கள்.

"அப்பா, அது பகா எண்ணுப்பா. ஒண்ணும் அதுவும் தவிர வேற எதுவும் வகுக்காது. ரெண்டு எண்ணைப் பெருக்கி அது வரணும்னா, ஒண்ணாவது ஆயிரத்துக்குள்ள இருக்கணும். ரெண்டுமே ஆயிரத்தைத் தாண்டினா, பெருக்கினது இதைவிடப் பெரிசாயிடும். நீங்க ஆயிரத்துலயே நிறுத்தியிருக்கணும்!"

மூன்றாம் மாடியில் கோட்டு போட்ட ஒருவர் ஏறினார். மூவரும் அந்தப் பித்தளைத் தகட்டையே பார்த்தார்கள். எட்டாம் மாடியில் அவர் இறங்கிப் போனார்.

"தெரியும்மா" என்றார் லிஃப்ட்காரர். "நீ பொறந்த வருஷமே தெரியும்."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் எதுக்குங்க இத்தனை வருஷம் வகுத்தீங்க?"

"பயம்டி. வெளியில போய் எனக்கு எதுவும் வரலைன்னா? இது வகுபடவே படாதுன்னு தெரிஞ்சப்போ, அப்பாடான்னு இருந்துச்சு."

"என்னையும் சேர்த்துல்ல உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க!" கீழ்த்தளப் பொத்தானை அவளே அழுத்தினாள்.

கீழ்த்தளம் வந்தது. அவளும் மகளும் வெளியே வந்தார்கள். "அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

அவர் ஒரு காலை வெளியே வைத்தார். ஏழாம் மாடியிலிருந்து மணி அடித்தது.

"இதோ, அவங்களை இறக்கி விட்டுட்டு வந்துடறேன்" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவை அவரே சாத்தினார்.