அண்ணிக்கு நான் ஊட்டிய லேகியம்

கோவளத்தில் என் அண்ணி ஐந்து மாத கர்ப்பிணியாக இருந்தபோது, சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியை அகற்றிய டாக்டர், உடனே கீமோதெரபி தொடங்கச் சொன்னார்.

"வயித்துல புள்ளைய வச்சிகினு வெஷத்த ஏத்திக்கப் போறியா அண்ணி?" என்று தடுத்தவள் நான்தான். செய்யூரில் ஒரு லேகியக்காரனிடம் அவரை இழுத்துப் போனேன். வெற்றிலை எச்சில் வழிய, அழுக்குக் கையால் அவன் அண்ணியின் வயிற்றைத் தடவினான். மீன் விற்கிற எனக்கே குமட்டிய லேகியத்தை நானே ஊட்டினேன். அண்ணிக்கு மூன்று நாள் ஓயாத வாந்தி. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"கர்ப்பத்துல மூணு மாசம் தாண்டிட்டா நான் குடுக்குற மருந்த குடுக்கலாம்மா. நீ குடுத்ததுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் டாக்டர். அண்ணி தேறியதும் கீமோவுக்குச் சம்மதித்தோம்.

கீமோ ஏற்றியும் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது, அண்ணியும் பிழைத்தார். எனக்குத்தான் இன்றும் என் மீதே அருவருப்பு. இப்போதெல்லாம் யாருக்கு நோயென்றாலும் நான் வைத்தியம் சொல்வதில்லை. கூடவே போய், சந்தேகத்தை டாக்டரிடமே கேட்கிறேன்.