மூத்த மாப்பிள்ளை இலையை மூடினால்

என் சகலையின் சம்பளத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை கிடையாது. ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் மாமரம் வைத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்கும் பொறாமை இல்லை. தலையில் முடி இன்னும் இருக்கிறது. சரி, அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் சாப்பிடும்போது இலைக்கு மேல் உள்ளங்கையைக் குடை மாதிரி விரித்து, "போதும்" என்று ஒரு சொல் சொல்வாரே, அதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரியும். கழுத்துவரை நிரம்பிய வயிறு எரிவது எத்தனை சிரமம் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட இளையவர், என்னைவிட நல்லவர். இரண்டாவது விஷயத்தை என் மனைவி அடிக்கடி எடுத்துச் சொல்வாள்.

விஷயம் அவரிடம் தொடங்கவில்லை, என் மகளிடம் தொடங்கியது. ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு எருமைக் கொட்டகை உண்டு. சின்ன வயதிலிருந்து தூக்குவாளியோடு போய்ப் பால் வாங்கி வருவது மகளின் வேலை. கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒருநாள் காலி வாளியோடு திரும்பி வந்தாள். கன்றைத் தாயின் கண்ணெதிரே எட்டக் கட்டி வைத்திருந்தார்களாம், அது கத்திக்கொண்டே இருந்ததாம். கன்று கத்துவது அவளுக்குப் புதிதில்லை. அன்று என்னவோ நின்று கேட்டுவிட்டாள். அதோடு பால், தயிர், நெய், முட்டை, கறி எல்லாமே நக்கோ, வேண்டவே வேண்டாம் என்றாள். வீகன் என்று அதற்குப் பெயரும் சொன்னாள். ஒரு வாரம் தாங்கினால் பார்க்கலாம் என்றாள் என் மனைவி.

நான் மறுநாளே மகளின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஜீவகாருண்யம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அதுவரை அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், போனைப் பார்த்தபடி சாப்பிடுவாள். நான் தமிழில் ஒன்று கேட்டால் உள்ளேயிருந்து இங்கிலீஷிலோ தெலுங்கிலோ ஒற்றை வார்த்தை வந்து விழும். வீட்டில் தனிச்சமையல் என்றும், அதற்கு இரண்டு பேர் என்றும் ஆன பிறகு, இரவில் நாங்கள் இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. அரைமணி நேரம் போல இருக்கும். கல்லூரி, பஸ், அவளைக் கண்டால் ஆகாத ஒரு லெக்சரர் என்று எல்லாம் அந்த மேஜைக்கு வந்தன. தமிழும் கூடவே கொஞ்சம் வந்தது. அந்த அரைமணி நேரத்துக்காக நான் எருமைப்பால் என்ன, எருமையையே விட்டுக்கொடுத்திருப்பேன்.

விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்றுதான், அளவு. வீகன் ஆனால் இளைத்துவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் ஹைதராபாத்தில் இருந்திருக்க மாட்டார்கள். இங்கே மிர்ச்சி பஜ்ஜி வீகன். அரிசி மாவும் எள்ளும் பிசைந்து சுற்றிப் பொரிக்கிற சகினாலு வீகன். வேர்க்கடலை போட்டுத் தட்டி எண்ணெயில் மொறுமொறுவென்று எடுக்கிற சர்வப்பிண்டி பரம வீகன். இரானி டீயும் பிஸ்கெட்டும் போன துக்கத்தில் நான் இவை எல்லாவற்றிடமும் ஆறுதல் தேடினேன். பஸ் ஸ்டாப் பஜ்ஜி வண்டிக்காரர் என்னைக் கண்டதும் மிளகாயை மாவில் முக்கிவிடுவார். எந்த உயிரையும் கொல்லாமல் ஒரு அரிசி மூட்டையைக் கொன்றுகொண்டிருந்தேன். என் பெல்ட்டின் கடைசி ஓட்டை மட்டும் அந்த ஆண்டு மிகவும் கஷ்டப்பட்டது.

இப்படி நானும் மகளும் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் சகலைக்கு மாஸ்டர் செக்கப்பில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. அல்வாலில் மாமனார் வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தபோது, தானும் வீகன் ஆகப்போவதாக அவர் சொன்னார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை, மோர் நக்கோ என்கிற குரலில் சொன்னார். என் மகள் எழுந்து போய் அவர் கையைக் குலுக்கினாள். நான் சேர்ந்த அன்று எனக்குக் கை குலுக்கல் எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். ஆமாம், பொறாமையில்தான் சொல்கிறேன். மூன்றே மாதத்தில் மனிதர் பழைய கல்யாணப் போட்டோவிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். சட்டையை உள்ளே விட ஆரம்பித்தார். மகள் எங்கள் மூவருக்கும் ஒரு வாட்ஸப் குழு தொடங்கினாள். தினமும் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும், ஒருவருக்கொருவர் உற்சாகம் தரவேண்டும் என்பது சட்டம். சகலையின் தட்டில் கால்வாசி சிறுதானியம், கால்வாசி பருப்பு, மீதியெல்லாம் பச்சை. நடுநடுவே வெறும் தட்டு தெரியும். என் வாழ்க்கையில் சாப்பாட்டின் நடுவே தட்டின் பூவேலை தெரிந்து நான் பார்த்ததில்லை. நானும் படம் போட்டேன், முதல் ரவுண்டை மட்டும். இரண்டாம் ரவுண்டைப் படம் எடுக்க எனக்குக் கை ஒழியாது.

எங்கள் மேஜை மாறத் தொடங்கியது. மகளின் வாக்கியங்கள் "சித்தப்பா சொல்றாங்க" என்று ஆரம்பித்தன. சித்தப்பா மென்று சாப்பிடச் சொல்றாங்க, சித்தப்பா ஏழு மணிக்கே முடிக்கச் சொல்றாங்க. அவளும் சீக்கிரம் முடித்து எழுந்தாள். அரைமணி நேரம் கால்மணி நேரமாயிற்று. அவள் எழுந்துபோன பின் நான் தனியாக மூன்றாவது தட்டோடு உட்கார்ந்திருப்பேன். துக்கத்தில் பசி கூடும் ஜாதி நான். இப்படியே போனால் அவள் பழையபடி அறைக்குள் போய்விடுவாள், நான் வீகனாக இருப்பதற்கு என்ன அர்த்தம், பஸ் ஸ்டாப் கடைக்குப் போய்த் தயிர் வாங்கிவிடலாமே என்றுகூடத் தோன்றியது. பாதி வழி போயும் விட்டேன். வழியில் பஜ்ஜி வண்டி இருந்ததால் என் கொள்கை தப்பித்தது.

அந்தச் சமயத்தில் மாமனாரின் பிறந்தநாள் வந்தது. விருந்து முழுக்க வீகன் என்று மகள் பாட்டியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். தேங்காய்ப்பால் பாயசம் மட்டும் அவளே செய்வாள், யாரும் கிட்டே வரக்கூடாது. காலையிலேயே அல்வாலுக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள்.

நானும் ஒரு முடிவோடு போனேன். இன்றைக்குச் சகலைக்கு முன்னால் நான் நிறுத்துவேன். மகள் பார்க்க, இலை மேல் கையை விரித்து, அந்தச் சொல்லைச் சொல்வேன்.

கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். முதல் இலையில் நான், அடுத்து சகலை, பிறகு மைத்துனன் குடும்பம், பிள்ளைகள், கடைசி இலையில் என் மகள். மாமனாரும் மாமியாரும் பரிமாறினார்கள். கத்தரிக்காய், வாழைக்காய் வறுவல், புளியோதரை, கோங்கூரா பருப்பு. வாழைக்காய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சாம்பார்ச் சாதம் முடிந்தது. சகலை இன்னும் மென்றுகொண்டிருந்தார். மாமியார் அடுத்த சாதத்தோடு வர, நான் கையை விரித்தேன்.

"போதும்."

குரல் சரியாக வந்தது. வேகம் குறையக் கூடாதே என்று இலையையும் மூடினேன்.

வரிசை முழுக்கக் கைகள் அப்படியே நின்றன. எங்கள் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த மாப்பிள்ளை இலையை மூடினால் பந்தி முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு பருக்கை எடுத்து வாயில் வைக்க மாட்டார்கள். இத்தனை வருடமாக எல்லோரும் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்களே தவிர, நான் யாரையும் பாதியில் எழுப்பியதில்லை. அதனால் அந்த வழக்கம் எனக்கு எப்போதும் உறைத்ததே இல்லை. இப்போது மைத்துனன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு மூடினான். பிள்ளைகள் வாழைக்காயைப் பார்த்தபடி மூடினார்கள். மூத்த மாப்பிள்ளை பாதியில் இலையை மூடுவதற்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான், கோபம். மாமியாரின் முகம் வெளுத்துப்போய்விட்டது. என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ளைய நீ இன்னாடி சொன்ன?"

"நான் இன்னாம்மா சொன்னேன், அவரத்தான் கேளு."

சகலைதான் முதலில் என் பக்கம் சாய்ந்தார். "அண்ணா, நான் எதுனா தப்பா பேசிட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டார். கண்ணில் நிஜமான கவலை. இந்த மனிதரால் எனக்குப் பொறாமைப்படுவதைக்கூட நிம்மதியாகச் செய்ய முடிவதில்லை.

எனக்கு வயிறு சரியில்லை என்று ஏதோ உளறினேன். அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. என் வயிற்றின் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். கடைசி இலையைப் பார்த்தேன். மகள் எழுந்து போயிருந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. பாயசம் இன்னும் பந்திக்கே வரவில்லை.

சமையலறையில் பாயசப் பாத்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். மேலே முந்திரி வறுத்துப் போட்டிருந்தாள், ஒருவரும் கரண்டி போடாத பாயசம். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கைக்கு டாடி? ஏன் இப்படிப் பண்ணீங்க? வீகன் விட்டுடப் போறீங்களா?"

இல்லை என்றேன். பிறகு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சித்தப்பா மாதிரி போதும் என்று சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது நர்சரிப் பையன் பேசுவது மாதிரி இருந்தது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்து, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள்.

"சித்தப்பா தட்டைப் பாத்தா எனக்கு எக்ஸாம் மாதிரி இருக்கு டாடி. பசி போறதுக்குள்ள எழுந்துடறேன். அப்புறம் ரூம்ல கதவ சாத்திட்டு சிப்ஸ். ஒரு பாக்கெட்டோட நிக்காது. நீங்க ரெண்டாவது வாட்டி போட்டுக்கறப்போதான், சரி, நானும் கேக்கலாம்னு தோணும். நீங்களும் அப்படி ஆயிட்டா நான் யாரோட சாப்பிடறது?"

என் வீட்டிலேயே, சுவருக்கு அந்தப் பக்கம், என் வியாதியோடு இன்னொருத்தி உட்கார்ந்து சிப்ஸ் தின்றிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் மூன்றாவது தட்டு. நடுவில் மேஜை காலியாகக் கிடந்திருக்கிறது.

இனிமேல் கதவைச் சாத்தாதே என்று மட்டும் சொன்னேன். எது தின்றாலும் மேஜைக்குக் கொண்டுவா, நானும் பஜ்ஜியைத் தெருவிலேயே முடித்துவிட்டு வரமாட்டேன். "ஹவ்," என்று சரிக்குத் தலையாட்டினாள்.

வெளியே வந்து, எனக்குக் கோபமே இல்லை, பாயசம் வேண்டும் என்று அறிவித்தேன். மாமியாருக்கு உயிர் வந்தது. பந்தி மறுபடி உட்கார்ந்தது, புது இலை போட்டார்கள். பிள்ளைகளுக்கு வாழைக்காய் திரும்பக் கிடைத்ததில் நான் அன்று பெரிய ஹீரோ. இந்த முறை மகளைக் கடைசி இலையிலிருந்து கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். வறுவல், சாதம் எல்லாம் ஒழுங்காக ஆயிற்று. பாயசம் முதல் டம்ளர் நான் குடித்தேன், அவளும் குடித்தாள். இரண்டாவதும் ஆயிற்று. மாமியார் மூன்றாவதுக்குக் குனிந்தபோது, என் டம்ளர் மேல் ஒரு கை வந்து விரிந்தது. சகலையின் கை இல்லை, சின்னக் கை. இன்னொரு கையால் அவள் தன் டம்ளரையும் மூடியிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் போதும் பாட்டி."

எனக்குப் போதவில்லைதான். ஆனாலும் சும்மா இருந்தேன். எல்லோரும் முடித்தார்களா என்று வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் இலையை மூடினேன்.

அன்று மாலை குழுவில் சகலை தன் பாயசத்தைப் போட்டார், கால் டம்ளர். என் மகள் எங்களுடையதைப் போட்டாள், இரண்டு காலி டம்ளர்கள், எத்தனையாவது ரவுண்டு என்பதையும் மறைக்காமல். பதிலுக்குச் சகலை ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினார்.

அந்தக் கட்டைவிரல்கூட எனக்கு ஒல்லியாகத்தான் தெரிந்தது.