பெருமாளுக்கு அட்வான்ஸ்

போன சனிக்கிழமை ரகு மனைவியோடு என் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் ஹாரிஸ் பார்க் இந்தியக் கடை மைசூர்பாகு, இன்னொரு கையில் லேப்டாப். தலை மட்டும் பளபளவென்று மொட்டை!

“அண்ணே, இன்னிக்கு நாள் நல்லாருக்கு. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷனை உங்க கையால சப்மிட் பண்ணுங்க.”

என் கை ராசியான கை என்று அவனுக்கு யார் சொன்னார்களோ!

ரகு இந்த நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் கான்ட்ராக்டில் இருக்கிறான். அங்கேயே நிரந்தர வேலை ஒன்று காலி. சிட்டிசனாக இருந்தால்தான் கொடுப்பார்கள். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன்... அந்த வேலையை அவன் எப்படி விடுவான்?

பயண விவரம் கேட்கும் பக்கம் வந்தது. ரகுவின் மனைவி சுதா பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் மாறிவிட்டது.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. ரகுவோ தங்கை கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கி, அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தவன். சரி, அதோடு நிறுத்தினானா?

சிட்டிசன்ஷிப் கிடைக்க வேண்டுமென்று திருப்பதிக்கு நேர்ந்துகொண்டான். காரியம் முடிந்த பிறகு மொட்டை போடுவதுதானே ஊர் வழக்கம்? நம்ம ஆள் பெருமாளுக்கே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

“அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்,” என்றாள் சுதா. “இங்க ஹெலன்ஸ்பர்க் கோயில்ல இருக்கறதும் அதே பெருமாள்தானே, கார எடுத்தா ஒரு மணி நேரம்னு...”

“அது பிராஞ்ச்! ஹெட் ஆபீஸ்ல சொன்னாத்தான் வேலை நடக்கும்!”

பத்து நாளில் திரும்புவதாகத்தான் போனான். அம்மா விடுவார்களா? “வந்தது வந்துட்டே, குலதெய்வத்துக்கும் ஒரு பொங்கல் வெச்சிட்டுப் போ.” அதற்குப் பங்காளிகள் கூட வேண்டும், பூசாரிக்குத் தேதி ஒத்துவர வேண்டும்... பத்து நாள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. கணக்கும் தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

ஆக, சிட்டிசன்ஷிப்புக்காகப் போன பயணமே சிட்டிசன்ஷிப்பைத் தள்ளிப்போட்டுவிட்டது! சிரிப்பை அடக்க மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டேன். ரகுவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். பாவம், பயந்துபோயிருந்தான்.

மேனேஜருக்குப் போன் செய்தான். காத்திருப்பதாகச் சொன்னார் அந்த நல்ல மனிதர். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. இன்னும் சில மாதம் ரகு நாட்டை விட்டு நகராமல் இருந்தால் பழைய பயணம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அவ்வளவுதான் வேண்டியது.

மறுநாள் மூவரும் ஹெலன்ஸ்பர்க் போனோம். சன்னதியில் ரகு உருகிப் போய்க் கைகூப்பினான்.

“பெருமாளே, இந்த வேலை மட்டும் கைவிட்டுப் போகாம இருந்தா, அடுத்த மாசமே குடும்பத்தோட திருப்...”

சுதா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அர்ச்சகரே திரும்பிப் பார்த்தார்.

“சிட்டிசன் ஆனப்புறம் எங்க வேணா போங்க. இப்ப பாஸ்போர்ட்டக் குடுங்க!”

சுதா என்னிடம் கொடுத்துவைத்த அந்தப் பாஸ்போர்ட் இப்போது என் வீட்டு பீரோவில் இருக்கிறது... ரகு கேட்டால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்!