அரை அங்குலம் வேறு, பன்னிரண்டு மில்லிமீட்டர் வேறு

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மதியம்தான் எனக்கு அது உறைத்தது. சிராங்கூன் ரோட்டில் சொல்லி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துவர, அம்மாவின் அண்ணனான பெரிய மாமா அப்பாவின் காரை ஓட்டினார்கள். நான் பின் சீட்டில் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குவீன்ஸ்டவுனுக்குள் திரும்பும் வளைவில் காரின் வால் ஒருபக்கமாக ஒதுங்கி, ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. பாதி சாம்பார் என் வெள்ளைப் புடவையில்.

“என்ன மாமா இது?”

“ரோடு சரியில்லம்மா.”

அதே வளைவில், அதே கார் அப்பா ஓட்டியபோதும் இப்படித்தான் ஆடியது. அன்று மாமா கண்டுபிடித்த காரணம் வேறு: “மச்சானுக்குக் கண்ணு போச்சு.” அப்பா ஓட்டினால் கண், மாமா ஓட்டினால் ரோடு. இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் பிடோக்கில் வீட்டோடு முடங்கிக் கிடப்பது நாட்டுக்கே நஷ்டம்.

அப்பா நாகப்பட்டினத்தில் பிறந்தவர்கள். மீசை முளைக்குமுன் கப்பலேறி வந்து, சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் துணி கிழிக்க நின்றவர்கள், ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்கள். கஜக்கோல் போய் மீட்டர்கோல் வந்த காலத்தில் முதலாளி மெதுவாகச் சொன்னாராம்: “மீட்டர் காசு வாங்கிக்கிட்டு கஜத்துல வெட்டுப்பா. கிட்டத்தட்ட ஒண்ணுதானே?”

“கிட்டத்தட்டன்னா, மிச்சத் துணி யாருது முதலாளி?”

மறுநாளே அப்பாவைக் கல்லாவுக்கு எதிரிலிருந்து மேல்மாடிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா முகம் சுளிக்கவில்லை. கிடங்கிலும் கோலைக் கோலாகவே வைத்திருந்தார்கள்.

சேமித்த பணத்தில் பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கியபோது சொந்தபந்தம் சிரித்தது. அந்தக் காரில்தான் எங்கள் தேவாலயப் பங்கின் நடக்கமாட்டாத பெரியவர்கள் ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து போனார்கள். அப்பாவுக்கு இருந்த ஒரே பெருமை அது. ‘கண்ணு போச்சு’ என்ற செய்தி பங்கு முழுக்கப் பரவியதும் அந்தப் பின் சீட் காலியானது. பிறகு மாமாவே வந்து சாவியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அக்கறையாம்.

“நான் ஆடல. பின்னாடி இடது பக்கம் ஏதோ ஆடுது” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாமாவின் நண்பர் வைத்திருந்த பட்டறையில் அதற்குச் சிலகாலம் முன்புதான் காரின் பின்பக்க வேலை நடந்திருந்தது. அவர் குனிந்துகூடப் பாராமல் “ஓக்கே லா” என்று சான்றிதழ் கொடுத்தார். பூசைக்குப் பஸ்ஸில் போய்வந்த அப்பா, ஒரு ஞாயிறு வீடு திரும்பிப் படுத்தவர்கள், சில நாளில் நெஞ்சுவலியில் எங்களை விட்டுப் போனார்கள்.

சாம்பார் கொட்டிய மறுநாள் காலை நான் காருக்கடியில் இருந்தேன். காரை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகள் மேல் நிறுத்தி, இன்னொரு ஜாக்கியை அச்சுக்கு முட்டுக்கொடுத்தேன். அம்மா டார்ச் பிடித்தார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் பட்டைவில்லின் முன்நுனியைப் பக்கத்துக்கு ஒரு நீள போல்ட்தான் காரோடு பிடித்து வைத்திருக்கிறது. இரண்டின் தலைக்கும் என் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தியது. கேடே அங்கேதான். வலப்பக்க போல்ட்டின் தலையில் சிறு வட்டங்கள் பொறித்திருந்தன, இடப்பக்கத்தில் 8.8 என்ற எண். தட்டிக் கழற்றி, தொழிற்பள்ளியில் பழகிய வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். வலது, அரை அங்குலம். இடது, பன்னிரண்டு மில்லிமீட்டர். அங்குலக் காருக்கு மில்லிமீட்டர் டப்பாவிலிருந்து போல்ட்! வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஆடி ஆடி போல்ட் இடுப்பு தேய்ந்து பளபளத்தது. போல்ட் நுழையும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக்குழல் முட்டை வடிவமாகியிருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். “அப்ப அவரு சொன்னது நெசந்தானா?” என்று கார் நிறுத்துமிடத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பட்டப்பகலில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாமா அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டுக்கும் ஒரே ஸ்பேனர்தானே போவுது? சமா லா, எல்லாம் ஒண்ணுதான்!” என்றார் பட்டறைக்காரர்.

“ஒரே சைஸ் தொப்பின்னா ஒரே மூளையா அங்கிள்?”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு” என்றார்கள் மாமா.

“எத்தனை மில்லிமீட்டர் மாமா?”

அதற்கு அளவுகோல் அவர்களிடம் இல்லை.

சரியான போல்ட்டும் புஷ்ஷும் கிடைக்க ஜாலான் புசார் உதிரிபாகக் கடைகளில் மாதக்கணக்காக அலைந்தேன். இருபக்கமும் புதிதாகப் போட்டுவிட்டேன். சக்கரங்கள் தரையில் ஊன்றி, காரின் பாரம் வில்லில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. முன்பே முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும். இதுவும் ‘கிட்டத்தட்ட’ ஆட்களுக்குத் தெரியாத சங்கதி.

அப்பாவின் இறுதி நாட்களில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பூசை நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், பஸ்ஸில் அப்பாவுக்கு இடம்விட்டு எழுந்த முகம் தெரியாதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்குத் தனி நன்றி. அன்று அவர்கள் வண்டி ஓட்டாதிருந்தால் அப்பாவின் கண் நன்றாகத்தான் இருந்தது என்பதற்குச் சாட்சியே கிடைத்திருக்காது.

அடுத்த மாதம் எனக்கு ஓட்டுநர் தேர்வு. தேறியதும் முதல் ஞாயிறே பெரியவர்களைப் பூசைக்கு அழைத்துப்போகும் வேலை மறுபடி தொடங்கும். அதற்கு முந்தைய நாள் அதே வளைவில் ஒரு வெள்ளோட்டம். பின் சீட்டின் இடப்பக்கம் மாமாவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மடியில் சாம்பார் வாளி இருக்கும், மூடி இருக்காது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரும்படி அன்புடன் அழைக்கிறேன்.