பாடு வைத்துப் பகிர்ந்த புத்தகம்

பதிப்பாளர் தொலைபேசியில் பொறுமையாகத்தான் பேசினார். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. அப்பவும் புக்கு விக்கலன்னா குடோனைக் காலி பண்ணணும். பழைய பேப்பருக்குத்தான் போகும்."

அது என் முதல் புத்தகம். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றியது. பொன்னேரியில் ஏறிச் சென்னையில் இறங்கும்வரை, ரயிலில் நின்றபடியே கைபேசியில் எழுதியது.

மென்பொருள் சோதிப்பது என் வேலை. எது பழுதானாலும் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொள்வேன். இதற்கும் எழுதினேன். ஒன்று, முகநூலில் தினம் ஒரு பத்தி. உறவினர்கள் கும்பிடு எமோஜி போட்டார்கள். இரண்டு, எங்கள் பசியாவரம் படகுத்துறையில் நின்று ஒரு ரீல்; காற்றில் என் குரலே கேட்கவில்லை. மூன்று, வாசகர் குழுக்கள். விளம்பரம் என்று நீக்கினார்கள். நான்கு, பதிப்பாளர் எனக்குத் தந்த பிரதிகளை விமர்சனம் போடுவதாகச் சொன்னவர்களுக்கு அனுப்பினேன். உறையைப் பிரிக்கும் படத்தைப் போட்டதோடு சரி. என்னிடம் மிஞ்சியது ஒரே பிரதி, பிழைகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தது.

கடைசியாக எழுதியது: ஊர்.

எங்கள் ஊரில் கைபேசி இல்லாத வீடு கிடையாது. ஒரு பதிவைப் போட்ட உடனே பலர் பகிர்ந்தால்தான் அது தெரியாதவர்கள் கண்ணுக்குப் போகும். யாரும் தொடாவிட்டால் அங்கேயே செத்துவிடும். ஞாயிறு காலை பதிவு போடுகிறேன், எல்லோரும் பகிருங்கள் என்று வாட்ஸப் குழுவில் கெஞ்சினேன். கட்டைவிரல்களாக வந்து விழுந்தன.

ஞாயிறு காலை ஒரே ஒருவர்தான் பகிர்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அத்தை. மதியம் வரை பார்த்துவிட்டு அவர் வாசலுக்குப் போனேன். நண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க ஏன் அத்தை போடல?"

"இன்னிக்கு எங்க வூட்டுப் பாடு. நாளைக்கு மேட்டு வூடு. சீட்டுப் போட்டாச்சே, உனுக்குத் தெரியாதா?"

ஏரியில் நல்ல மீன் படும் இடங்களை ஊர் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறது. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்குவது கிடையாது. என் புத்தகத்துக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தார்கள். நாளுக்கு ஒரு வீடு.

"எல்லாரும் ஒரே நேரத்துல போடணும் அத்தை. அப்பத்தான் போவும்."

"ஏம்மே, உன் புக்கு இன்னா நண்டா? நாளைக்கு வெச்சா நாறிப்பூடுமா?"

"நாறிடும் அத்தை."

அவர் சிரித்தார். நான் சொன்னதில் வேடிக்கை எதுவும் இல்லை.

சீட்டைக் குலுக்கியது என் நைனாதான். வலையிலிருந்து பாசியை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கெடு, குடோன், பழைய பேப்பர்.

"புக்கைப் போயி யாராவது கூழாக்குவானா? சும்மா மெரட்டறான்," என்றார். "எல்லாம் ஒரே நாள்ல போட்டா, என்னாலதான் வித்துச்சு, உன்னாலதான் வித்துச்சுனு சண்டை வரும். உன் பேருதான் கெடும்."

"நீயாவது இன்னிக்குப் போடு நைனா."

"சீட்டு குலுக்குனவனே முறை மீறுனா அப்புறம் ஊர்ல யாரு கேப்பான்?"

சீட்டில் அவர் முறை மாதம் முடிந்த மறுநாள்தான் விழுந்திருந்தது.

தினமும் ஒரு வீடு பகிர்ந்தது. தினமும் அதே உறவினர்கள் அதே கும்பிடு. இடைவேளையில் அலுவலகக் கழிப்பறைக்குள் நின்று எண்ணிக்கையைப் பார்ப்பேன். அறிமுகமே இல்லாதவர்களுக்கு இணைப்பை அனுப்பினேன். திருமண வாழ்த்துக்குக் கீழே கூட ஒட்டினேன். மாதக் கடைசியன்று பதிப்பாளரைக் கூப்பிட்டேன். புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது என்றார்.

மறுநாள் நைனா பகிர்ந்தார். நான் போட்ட பதிவை விட்டுவிட்டு, படகில் உட்கார்ந்து, அம்மா தண்ணீருக்குள் குனிந்து இறால் தடவுவதைப் படம் பிடித்திருந்தார். கீழே அவர் வரி: "இவளப் பத்தி எங்க பொண்ணு புக்கு எழுதிக்கீது. நான் இன்னும் படிக்கல. படிக்கணும்."

சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. கும்பிடு இல்லை. கேள்விகள். எங்கே கிடைக்கும்? கோயம்புத்தூருக்கு அனுப்புவீர்களா? அம்மாவுக்குப் பரிசாகத் தர வேண்டும், ஒன்று கிடைக்குமா?

நைனா கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா? இன்னா கூட்டம். எப்ப அனுப்புவாங்கோ?"

"இல்ல நைனா. நேத்தே வண்டி வந்து எடுத்துகினு போயிடுச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒன்னு கீது. என்னுது."

திரையில் கேள்விகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்தார்.

"இத்தினி பேர்ல அந்த ஒன்ன யாருக்குக் குடுக்கறது?"

"சீட்டுப் போடு," என்றேன். கசப்பில்தான் சொன்னேன்.

நைனா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் காகிதம் தேடினார்.