ஈரச் சுவரில் காசித்தும்பை

சாலை வேலை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு. திரிகூட வேண்டாம், பக்கத்தில் போய் நின்றாலே வெடிப்பாள் என்பார்கள். மலையேறும் அந்தச் சாலையில் சரிந்த மண்ணை அள்ளுவதும், ஓரத்துப் புல்லை வெட்டுவதும், வாய்க்காலைத் தூர்வாருவதும் அவள் பிழைப்பு. கோபம் அவளுக்குச் சும்மா வராது. ஆளாளுக்கு அதற்குத் தீனி போட்டார்கள்.

அவள் முகம் கொஞ்சம் இளகுவது கொண்டை ஊசி வளைவின் தாங்குசுவரிடம்தான். மலைத்தண்ணீர் வெளியேறுவதற்காக அதில் ஓட்டைகள் விட்டிருந்தார்கள். அந்தக் கசிவைப் பிடித்துக்கொண்டு காட்டுக் காசித்தும்பை முளைத்து, மழைக்காலம் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். முன்பு அது வளர்ந்த பாறையைச் சாலைக்காக வெடிவைத்துத் தகர்த்தாயிற்று. வேறெங்கும் அந்தச் செடியை அவள் பார்த்ததில்லை. அங்கே மட்டும் அவள் அரிவாள் அடங்கிப் போகும்.

ஒருநாள் ஓவர்சியர் வந்து நின்றார்.

"பெரிய அதிகாரி வர்றாரு. சுவரச் சுரண்டி, ஓட்டைய சிமெண்ட் வெச்சு அடைச்சிருங்க. மலைப்பூ படம் வரையப்போறோம்."

"பூவப் பிடுங்கிப் போட்டுட்டுப் பூவ வரையறதா? இது எந்த ஊரு நியாயம் சார்?"

"ஈரத்துல பெயிண்ட் நிக்காதும்மா. வரையப்போறது உன் வீட்டுக்காரர்தான். அவரையே கேளு."

கடைப் பலகை எழுதும் அந்த மனுஷன் இதைப்பற்றி வீட்டில் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் பாத்திரங்கள்தான் முதலில் பேசின.

"ஏங்க, வாய்க்குப் பூட்டு போட்டிருந்தீங்களா?"

"சொன்னா நீ குதிப்பேன்னு தெரியும். பலகை எழுதியே என் காலம் போகுது. இவ்வளவு பெரிய சுவர் இனி எனக்கு எப்ப கிடைக்கும்?"

அதைக் கேட்டதும் அவள் கோபம் கொஞ்சம் தணிந்தது. இறங்கி வந்தாள்.

"கடைசி ஓரத்த மட்டும் விட்டுடுங்க. அந்த ஓட்டைய அடைக்க வேணாம். செடி பொழச்சுக்கும்."

"சத்தியமா விட்டுடறேன்."

நம்பினாள். மறுநாள் அவளைக் கீழே மண்சரிவு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அது முடிந்து மேலே வந்தபோது சுவர் முழுக்க வெள்ளையடித்துக் காய்ந்திருந்தது. கடைசி ஓரமும்தான். பிடுங்கிய செடிகளை மண்ணோடு சேர்த்து லாரி பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

"யார் சுரண்டினது?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர் ஏணி மேலிருந்து. "அந்த ஓட்டையால ஈரம் பரவி வெள்ளை உரிஞ்சுது. படத்தப் பாதில நிறுத்தவா முடியும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஊரான் சுரண்டியிருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பாள். சோறு போட்ட கைக்குச் சத்தியம் செய்துவிட்டுச் சுரண்டியிருக்கிறார். வேலையாட்கள் காதைப் பொத்தத் தயாராக நின்றார்கள். அவள் அந்தக் கடைசி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அவள் வெடிக்காததே அவருக்குப் போதும்போல. பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டே கேட்டார்: "சண்டைய வீட்ல வெச்சுக்கலாம். இந்தப் பூவுக்குப் பின்னால வால் மாதிரி ஒண்ணு இருக்குமே, அது மேல வளையுமா, கீழ வளையுமா? ஒரு பூ பறிச்சிட்டு வாயேன், பார்த்துப் போட்டுடறேன்."

"எங்கேர்ந்து?" என்றாள்.

பிரஷ் அப்படியே நின்றது. அவர் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

அந்த வால் எப்படி வளையும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.